நெருப்பில்லாத விளக்கும் சுவிஸ் சிகரெட்டும்

போன மாதம் நெஞ்சு நோய்க் கிளினிக்கில் வேலை செய்யும் ஒரு இளம் தாதி எனக்குத் தொலைபேசி எடுத்தார். வீடுகளுக்கு ஒட்சிசன் மெசின் கொடுக்குமுன் கேட்கும் கேள்விகளில் வேப் என்கிற மின்சிகரெட்டையும், புகையிலையைச் சூடாக்கி இழுக்கும் கருவியையும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்களாம். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு நான் வந்து கொஞ்ச நேரம் கதைக்க வேண்டுமாம். "அண்ணை, எங்களைக் கண்டவுடனை சனம் ஒரே கேள்விதான் கேக்குது. சிகரெட்டை விட உது நல்லது தானே எண்டு. நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?" என்றார்.

நான் வரமாட்டேன் என்றேன். எனக்கு நாலு பேர் முன்னால் கதைக்க வராது. கதைக்கத் தொடங்கினால் கோபமும் வரும். அந்தக் கேள்வியை என்னிடமும்தான் கேட்கிறார்கள். கலியாண வீட்டில் கேட்கிறார்கள், செத்த வீட்டில் கேட்கிறார்கள், சலூனில் முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கு நீர்வேலியில் ஒரு வீடு தெரியும். அதைப் பற்றி எழுதித் தருகிறேன், நீங்களே வாசித்துக் காட்டுங்கள் என்று சொன்னேன்.

நான் டொக்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் பார்த்தவன். சிலிண்டரை இறக்கி, ஏற்றி, பூட்டி, கழற்றி, பிற்காலத்தில் மெசினை வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்து ஓய்வு பெற்றவன். யுத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது சிலிண்டர் தெற்கிலிருந்து வந்தால்தான் உண்டு. வராத நாட்களில் யாருக்கு வைப்பது, யாரிடமிருந்து எடுப்பது என்பதை டொக்டர்மார் தீர்மானிப்பார்கள். கழற்றுவது நான். அந்த வருடங்களைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

எனக்கு வேலை பழக்கிய களஞ்சியக்காரர் முதல்நாளே என் தலையைத் தொட்டுப் பார்த்தார். நல்லெண்ணெய் வைத்து வாரியிருந்தேன். "தம்பி, எண்ணெயும் ஒட்சிசனும் மாமியும் மருமகளும் மாதிரி. ஒரு அறைக்குள்ளை விட்டால் வீடு பத்தும்" என்று சொல்லி, சவர்க்காரத்தைத் தந்து குளிக்க அனுப்பினார். ஒட்சிசன் தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் இருப்பதை எரிய வைக்கும், எண்ணெய் என்றால் அதற்கு வெறி என்று பிறகு விளங்கப்படுத்தினார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை வேலை நாட்களில் நான் தலைக்கு எண்ணெய் வைத்ததில்லை. பரட்டைத் தலையன் என்று வீட்டில் பேச்சு வாங்கினேன்.

சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலி போட வேண்டும். அழுத்தமானியைப் பூட்டுமுன் சிலிண்டரின் வாயை ஒரு கணம் திறந்து மூட வேண்டும். உஷ் என்று தூசி பறந்துவிடும். திறக்கும்போது மானிக்கு நேரே முகத்தைக் கொடுக்கக் கூடாது, பக்கவாட்டில் நின்று மெல்லத் திருக வேண்டும். பூட்டு வாயில் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான் என் படிப்பு. நான் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வாட்டுக்குள் நுழைந்தால், யாருக்கென்று தெரியுமுன்னரே எல்லாக் கட்டில்காரரின் சனமும் முகம் வெளிறிப் போகும். "காத்துக்காரன் வாறான்" என்று சொல்லுவார்கள். அந்தப் பட்டம் எனக்கு நிலைத்துவிட்டது.

பிறகு மெசின் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கங்கள் அனுப்பியவை. கட்டிலோரத்தில் வைக்கும் சின்ன அலுமாரி அளவில் இருக்கும். கரண்டில் ஓடும். அறைக் காற்றை இழுத்து, ஒட்சிசனைப் பிரித்து, ஒரு மெல்லிய குழாயால் மூக்குக்குக் கொடுக்கும். நுரையீரல் தேய்ந்துபோனவர்கள் வீட்டிலேயே இருந்து மூச்சு விடலாம். மெசின்கள் குறைவு, காத்திருப்போர் அதிகம். ஆகவே கொடுக்குமுன் வீடு பார்க்க வேண்டும் என்று ஒரு நடைமுறை வைத்தோம். வைத்தோம் என்று சும்மா சொல்கிறேன். வைத்தது றோஸ் மிஸ்ஸி.

றோஸ் மிஸ்ஸி கிளினிக்கின் பொறுப்புத் தாதி. கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருடைய வாயிலிருந்து வரும் ஆகக் கடுமையான சொல் "பரவாயில்லை". அது வந்தால் காரியம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். நான் நாற்பது சிலிண்டரைத் தவறாக அடுக்கியிருந்தாலும் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்பார். பேச்சு வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீடு பார்க்கப் போனால் அவர் உடனே கேள்வி கேட்கமாட்டார். கதிரையில் இருந்தவுடன் குடிக்கத் தண்ணீர் கேட்பார். வீட்டுக்காரி எழும்பினால், "நீங்கள் இருங்கோ அம்மா, நானே வாறன்" என்று பின்னாலேயே குசினிக்குப் போய்விடுவார். அடுப்பு எங்கே, காஸ் சிலிண்டர் எங்கே, நோயாளியின் கட்டிலுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று தண்ணீர் குடித்து முடியுமுன் பார்த்துவிடுவார். பிறகு "சாமியறை எது? கும்பிட்டிட்டு வாறன்" என்பார். விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, நெருப்புப்பெட்டி எல்லாம் இருக்கும் இடம் அதுதானே. அந்த வீட்டுப் பெண்கள் அவரைச் சைவம் என்று நினைத்து விபூதித் தட்டை நீட்டுவார்கள். அவரும் எடுத்துப் பூசிக்கொள்வார். திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் அதைத் துடைக்கவும் மாட்டார். "அவையள் அன்பாத் தந்தது" என்பார்.

கடைசியில்தான் நோயாளியின் அறை. சிகரெட் குடிக்கிறவரின் அறையை மறைக்க முடியாது. கட்டிலின் தலைமாட்டுச் சுவர் மஞ்சளாக இருக்கும். யன்னல் சீலையில் குண்டூசித் தலையளவில் ஓட்டை இருக்கும். விரல் நகம், துவாய், தலையணை எல்லாம் சாட்சி சொல்லும். "குடிக்கிற ஆள் பொய் சொல்லுவார் தம்பி, அவரின்ரை சுவர் சொல்லாது" என்பார் மிஸ்ஸி.

இணுவிலில் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர், மணம் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்று சத்தியம் செய்தார். மிஸ்ஸி யன்னல் சீலையை விரித்து, அந்த ஓட்டைகளுக்குள்ளால் வெளிச்சம் வருவதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை ஐயா" என்றார். நான் மெசினைத் திரும்ப வானில் ஏற்றினேன். அவர் வாசல் படலைவரை மூச்சு வாங்க வாங்க வந்து எங்களைத் திட்டினார். மாரி முடியுமுன் போய்விட்டார். மிஸ்ஸி செத்த வீட்டுக்குப் போய் ஒரு மூலையில் இருந்துவிட்டு வந்தார்.

கல் நெஞ்சுக்காரி என்று நினைக்க வேண்டாம். குழாய் மூக்கில் இருக்கும்போது அந்த மனிதரின் தலைமயிர், தாடி, சட்டை, தலையணை எல்லாவற்றிலும் ஒட்சிசன் ஊறியிருக்கும். ஒரு பொறி போதும். அந்தப் பொறி கையில் உள்ளவருக்கு மெசின் கொடுப்பது மருத்துவம் இல்லை.

விளக்குத்தான் எங்களுக்குப் பெரிய தலையிடி. சிகரெட்டை விடச் சொன்னால் பெண்கள் எங்கள் பக்கம் நிற்பார்கள். சாமிவிளக்கைக் கொளுத்த வேண்டாம் என்றால் எங்களுக்கே எதிரியாகிவிடுவார்கள். எங்கள் பக்கத்துச் சின்ன வீடுகளில் சாமியறை என்பது பெரும்பாலும் நோயாளியின் அறைக்கு அடுத்த அறை, நடுவில் ஒரு சீலை மட்டும் தொங்கும். "வீட்டிலை விளக்கெரியாட்டி அவருக்கு மூச்சு வந்தென்ன, வராட்டியென்ன" என்று ஒரு அம்மா முகத்துக்கு நேரே சொன்னார்.

அதற்கு மிஸ்ஸி ஒரு வழி கண்டுபிடித்தார். யாழ்ப்பாண ரவுணில் பற்றரியில் எரியும் சின்ன விளக்குகள் விற்கிறார்கள், சுடர் மாதிரி ஆடும். தன் காசில் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டுக்காரியின் கையில் ஒன்றைக் கொடுத்து, "அம்மா, நெருப்பில்லாத விளக்கு. சாமி கோவிக்காது. நீங்கள் அவருக்காகத் தானே விடுறீங்கள், அது சாமிக்குத் தெரியாதோ?" என்பார். ஒரு கத்தோலிக்க மனிசி சைவப் பெண்களுக்கு இதைச் சொல்லிச் சம்மதிக்க வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். முக்கால்வாசி வீடுகளில் எடுபட்டது.

அந்தக் காலத்தில்தான் கிளினிக்கில் முதல் வேப் வந்தது. ஒரு இளந்தாரி நெஞ்சு இறுக்கம் என்று வந்திருந்தான். அவன் வாயைத் திறந்தால் மாம்பழ மணம். மாம்பழக் காலமும் இல்லை. சட்டைப் பையில் இருந்து எடுத்துக் காட்டினான், பேனை மாதிரி ஒன்று. "இது புகையில்லை மிஸ், ஆவி. சிகரெட்டை விட்டிட்டுத்தான் இதுக்கு வந்தனான்" என்றான். டொக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிகரெட் எரியுது. எரியிறதாலை வாற தாரும் கரியும் நச்சு வாயுவும் உதிலை குறைவு. அது உண்மை. ஆனால் குறைவெண்டதை நல்லதெண்டு எடுத்துப்போடாதை. உன்னைக் கட்டி வைச்சிருக்கிற நிக்கொட்டின் அப்பிடியே இருக்கு. மிச்சம் இருபது வருசத்திலை என்ன செய்யுமெண்டு எனக்கும் தெரியாது, வித்தவனுக்கும் தெரியாது" என்றார்.

நியாயமான பதில். எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் எங்களில் ஒருவருக்கும் அதை ஒட்சிசன் வீடுகளோடு சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை. வேப் இளந்தாரிகளின் விளையாட்டு, எங்கள் நோயாளிகளோ சுருட்டும் சிகரெட்டும் குடித்துத் தேய்ந்த கிழவர்கள். இரண்டும் வேறு வேறு உலகம் என்றிருந்தோம்.

இனி நீர்வேலி வீடு.

துரைராசா ஐயா இளவயதில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் வேலை செய்தவர். சண்டையோடு அது போக, நீர்வேலிக்கு வந்து வாழை வைத்தார். சீமெந்துத் தூசு ஒருபக்கம், சிகரெட் மறுபக்கம். நான் முதலில் கண்டபோது கட்டிலிலிருந்து கதிரைக்கு வருவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. அதிகம் கதைக்காதவர். கதைக்கிற மூச்சைச் சிகரெட்டுக்குச் சேமித்து வைத்திருக்கிறார் என்று அவருடைய மனைவி பாக்கியம் அம்மா பகிடியாகச் சொல்லுவார். ஒரே மகள் சுகந்தி சுவிசில்.

முதல் தரம் வீடு பார்க்கப் போனபோது சுவர் மஞ்சள். ஐயா பொய் சொல்லவில்லை. "ஓம், குடிக்கிறனான்" என்றார். மிஸ்ஸி "பரவாயில்லை" என்றார். பாக்கியம் அம்மா படலைவரை வந்து, "ஒரு வழியும் இல்லையோ பிள்ளை?" என்று கேட்டார். "அவர் விட்டால் அடுத்த கிழமையே கொண்டு வருவன் அம்மா" என்றார் மிஸ்ஸி.

கோயில் திருவிழாவுக்குச் சுகந்தி வந்தாள். வந்து ஒரு மாதம் நின்றுவிட்டுப் போனபின் பாக்கியம் அம்மா கிளினிக்குக்கு வந்தார். முகம் பூவாக இருந்தது. "இவர் சிகரெட்டை விட்டிட்டார் மிஸ்ஸி. மெய்யாத்தான். வந்து பாருங்கோ" என்றார்.

போய்ப் பார்த்தோம். மிஸ்ஸி தண்ணீர் கேட்டார், குசினிக்குப் போனார். விறகடுப்பைக் கொட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். சாமியறையில் எண்ணெய் விளக்கு துடைத்துக் கவிழ்க்கப்பட்டிருந்தது. முதல்முறை மிஸ்ஸி கொடுத்துவிட்டு வந்த பற்றரி விளக்கு அதன் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஐயாவின் அறைக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். சீலை புதிது. நகம் வெளுத்திருந்தது. மிஸ்ஸி அவருடைய துவாயை எடுத்து முகர்ந்து பார்த்தார். சவர்க்கார மணம் மட்டும்.

"சிகரெட், சுருட்டு, பீடி ஏதும்?"

"மகள் வந்ததிலை இருந்து தொடயில்லை" என்றார் ஐயா. அது உண்மை. அந்த வீட்டில் ஒருவரும் எங்களுக்கு ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இதை நான் அழுத்தி எழுதுகிறேன்.

மெசினைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். மெசினின் போத்தலில் கொதித்தாறிய தண்ணீர் விட்டேன். டொக்டர் எழுதிய அளவில் குமிழைத் திருப்பி, அதை ஒருவரும் தொடக்கூடாது என்றேன். மிஸ்ஸி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். விளக்கில்லை, கற்பூரமில்லை, ஊதுபத்தியில்லை, நுளம்புத்திரியில்லை, நெருப்புப்பெட்டி இந்த அறைக்குள் வரக்கூடாது, முகத்துக்கு எண்ணெய் பூசக்கூடாது. பாக்கியம் அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். ஐயா குழாயை மூக்கில் மாட்டிக் கொஞ்ச நேரம் இருந்தார். உதட்டு நீலம் குறைந்தது. "நல்லாயிருக்கு" என்றார். ஒரே ஒரு சொல், ஆனால் இழுக்காமல் சொன்னார். பாக்கியம் அம்மா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

வடிகட்டி கழுவ மாதம் ஒருமுறை நான் போவேன். ஐயா தேறிக்கொண்டு வந்தார். குழாயைக் கழற்றிவிட்டு விறாந்தைவரை நடந்து, வாழைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒருநாள் நான் வெளிக்கிடும்போது ஒரு சீப்புக் கதலியைக் கையில் தந்தார். அவரே எழும்பி எடுத்துத் தந்தது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

சுகந்தி சுவிசிலிருந்து கொண்டுவந்ததைப் பிறகுதான் அறிந்தோம். ஒரு சின்னக் கருவி, மூக்குக் கண்ணாடிக் கூட்டை விடச் சிறிது. கரண்டில் போட்டு எடுத்தால் பற்றரியில் வேலை செய்யும். உள்ளே ஒரு சின்னக் குச்சி, அதில் இருப்பது அசல் புகையிலை. வேப்பைப் போலத் திரவம் இல்லை. எரியாது, உள்ளே வறுபடும், அவ்வளவுதான். கொளுத்த வேண்டாம், சாம்பல் இல்லை, சுவர் மஞ்சளாகாது. மெல்லிய ஒரு மணம் வரும், அதுவும் உடனே போய்விடும். அப்பாவால் சிகரெட்டை விடவே முடியாது என்று அழுது, கடைக்காரனைக் கேட்டு, சிகரெட்டை விட இது எவ்வளவோ நல்லது என்று அவன் சொன்னதை நம்பி, பெட்டியில் உடுப்புக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். அப்போது வீட்டில் மெசின் இல்லை. மெசின் வரப்போகிறது என்றும் அவளுக்குத் தெரியாது. அந்த வீட்டில் அதற்குச் சுவிஸ் சிகரெட் என்று பெயர்.

ஐயா அதைப் பெரும்பாலும் விறாந்தையில்தான் இழுத்திருக்கிறார். குழாயைக் கழற்றிவிட்டு, வாழையைப் பார்த்தபடி. ஒருநாள் மத்தியானம் பெருமழை. விறாந்தைக்குச் சாரல் அடித்தது. சாப்பிட்டபின் கட்டிலில் சாய்ந்தபடி, குழாய் மூக்கிலேயே இருக்க, இழுத்திருக்கிறார்.

பாக்கியம் அம்மா குசினியில் சட்டி கழுவிக்கொண்டு இருந்தாராம். தாளிக்கும்போது எண்ணெய் வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். ஓடிப்போனால் ஐயாவின் முகத்தில் நெருப்பு. குழாய் வழியாகவே ஓடித் தலையணைக்கும் பிடித்துவிட்டது. வெறுங்கையால் குழாயைப் பிடுங்கி, தலையணையை இழுத்தெறிந்து, தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அவருடைய இரண்டு கையும் வெந்துபோயின.

ஆஸ்பத்திரியில் ஐயாவுக்கு ஒட்சிசன் பூட்டியது நான்தான். வேறு ஒருவர் அன்று கடமையில் இல்லை. முகத்தில் கட்டு, தொண்டைக்குள் குழாய். வெந்தது வெளியில் மட்டுமில்லை, உள்ளேயும் வெந்திருக்கிறது என்றார் டொக்டர். மானிக்குப் பக்கத்தில் நின்று மெல்லத் திருகினேன். அந்த ஒரு வேலையை மட்டும் என் கை தன்பாட்டில் செய்தது.

ஐயா தன் கிளினிக் நோயாளி என்பதால் றோஸ் மிஸ்ஸியும் வாட்டுக்கு வந்தார். பாக்கியம் அம்மா வெளியே வாங்குப் பலகையில், கட்டுப் போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மிஸ்ஸி பக்கத்தில் இருந்து, "உது வீட்டிலை இருந்ததை எனக்குச் சொல்லயில்லையே அம்மா" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை.

"நீங்கள் கேட்டிருந்தால் தட்டத்திலை வைச்சுக் கொண்டந்து காட்டியிருப்பன் பிள்ளை. ஒளிக்கிற சாமானெண்டு நான் நினைக்கயில்லையே." பிறகு, "எனக்கும் முதல் ஒரு யோசினை வந்தது. மெசினுக்குக் கிட்ட உது சரிவருமோ எண்டு. பேந்து சாமியறையைப் பாத்தன். நெருப்பில்லாத விளக்குச் சாமிக்குச் சரியெண்டால், நெருப்பில்லாத சிகரெட் இந்த மனிசனுக்குச் சரியில்லாமல் போகுமோ எண்டு நினைச்சன்" என்றார்.

மிஸ்ஸி "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. அந்தக் கட்டுப் போட்ட கைகளைத் தன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இருந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். நெருப்பைப் பற்றி மட்டும் படித்துப் படித்துச் சொன்னோம், சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒட்சிசனுக்கு நடுவில் நெருப்பு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. நன்றாகச் சூடான ஒரு சின்னத் தகடும், காய்ந்த புகையிலையும் இருந்தால் அது தானே பிறந்துகொள்ளும். பாக்கியம் அம்மாவின் கணக்கில் பிழை இருந்ததாக எனக்கு இன்றைக்கும் படவில்லை. எங்களிடம் கேட்டதை வைத்து நேராகத்தான் யோசித்திருக்கிறார்.

சுகந்தி வந்து சேர்ந்தபோது ஐயாவுக்கு நினைவில்லை, இனிப் பிழைக்கமாட்டார் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவள் வாட்டுக்குள் போய் வந்து, நடைபாதையில் மிஸ்ஸியை மறித்தாள். அழவில்லை. முகம் விறைத்துப் போயிருந்தது.

"மிஸ்ஸி, எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் உதைக் கொண்டு வராமல் விட்டிருந்தால், அப்பா சிகரெட்டையே குடிச்சுக்கொண்டு இருந்திருந்தால், இருந்திருப்பாரோ?"

வேறு யாராக இருந்தாலும் விதி, கடவுள் சித்தம் என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். மிஸ்ஸி மறைக்கவில்லை. "சிகரெட் குடிச்சிருந்தால் நான் மெசின் தந்திருக்க மாட்டன். மெசின் இல்லாமல் இந்த மாரியை அவர் தாண்டியிருப்பாரெண்டு நான் நினைக்கயில்லை" என்றார்.

"அப்ப எந்தப் பக்கத்தாலை பாத்தாலும்..."

"ஓம் பிள்ளை" என்றார் மிஸ்ஸி. "ஆனால் நீ அவரைக் கொல்லுறதுக்குக் கொண்டரயில்லை."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். ஐயா அடுத்த நாள் விடியப் போய்விட்டார்.

செத்த வீட்டுக்கு நானும் மிஸ்ஸியும் போனோம். பிரேதத்தின் தலைமாட்டில் குத்துவிளக்கை வைத்து, கொளுத்த ஆயத்தம் செய்தார்கள். சனத்துக்கு நடுவில் இருந்த பாக்கியம் அம்மா சட்டென்று எழும்பி, "பொறுங்கோ, பொறுங்கோ, முதல் அந்த மெசினை வெளியிலை கொண்டுபோய் வையுங்கோ" என்றார். மெசின் உள்ளறையில், வயர் கழற்றிக் கிடந்தது. அதனால் ஒரு கெடுதியும் இல்லை. ஒருவரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிலில் வைத்தார்கள். பிறகுதான் விளக்குக் கொளுத்தவிட்டார்.

அதன் பிறகு மிஸ்ஸி கேள்வியை மாற்றினார். சிகரெட் குடிக்கிறீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டார். வீட்டுக்குப் போய் இருந்தவுடன், "வாயிலை வைச்சு இழுக்கிற எது இருந்தாலும், கரண்டிலை போட்டுச் சூடாகிற எது இருந்தாலும், ஆரின்ரை எண்டாலும், இந்த மேசையிலை கொண்டந்து வையுங்கோ" என்பார். எத்தனை வீடுகளில் மேசை நிறைந்தது என்பதைப் பார்த்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். சிகரெட்டை நான் நல்லதென்று சொல்லவில்லை. அது தின்று முடித்த நெஞ்சுகளுக்குத்தான் என் வாழ்நாள் முழுக்கக் காற்றுப் பூட்டினேன். ஆனால் அது வரும்போதே மணமும் சாம்பலும் இருமலுமாகக் கட்டியம் கூறிக்கொண்டு வரும். மனைவிக்குத் தெரியும், சுவருக்குத் தெரியும், மிஸ்ஸிக்குத் தெரியும். இந்தப் புதிய சாமான்கள் ஓசைப்படாமல் வருகின்றன. குறைந்த நஞ்சாகவே இருக்கட்டும். நஞ்சென்று தெரியாத நஞ்சுக்கு எந்த வீட்டிலும் காவல் இருக்காது.

கடைசியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாட்கள் கழித்து மெசினை எடுத்துவர நான் நீர்வேலிக்குப் போனேன். சுகந்தி சுவிசுக்குத் திரும்பிவிட்டாள். பாக்கியம் அம்மா மட்டும் இருந்தார். கொட்டிலில் இருந்த மெசினைத் துடைத்து, வயரைச் சுற்றி, வானில் ஏற்றிக் கதவைச் சாத்தினேன். சொல்லிக்கொண்டு போக உள்ளே வந்தேன்.

அவர் சாமியறை வாசலில் நின்றார். கவிழ்த்து வைத்திருந்த எண்ணெய் விளக்கை நிமிர்த்தி, எண்ணெய் விட்டு, திரி போட்டிருந்தார். பற்றரி விளக்கு தரையில் ஒரு ஓரத்தில் கிடந்தது, பற்றரி இறங்கி அணைந்திருந்தது.

"செத்தவீட்டுத் துடக்குக் கழிஞ்சும் நான் இன்னும் விளக்குக் கொளுத்தயில்லை, தம்பி. மெசின் வளவுக்குள்ளை இருக்குமட்டும் பயமாயிருந்தது. இப்ப கொளுத்தலாம் தானே?"

"கொளுத்தலாம் அம்மா."

நெருப்புப்பெட்டியை எடுத்தார். கைக்காயங்கள் ஆறியிருந்தன, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. ஒரு குச்சி விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. பெட்டியை என்னிடம் நீட்டினார்.

போகிற வீடெல்லாம் விளக்கை அணைக்கச் சொல்லியே வேலை பார்த்தவன் நான். அன்றைக்குத்தான் முதல்முறையாக இன்னொருவர் வீட்டில் விளக்குக் கொளுத்தினேன். திரியைத் தூண்டும்போது விரலில் எண்ணெய் பட்டது. துடைக்கவில்லை.

சுடர் ஒரு பயறளவுதான் இருந்தது. காற்றில்லை, ஆடாமல் நின்றது. பாக்கியம் அம்மா கும்பிடவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்:

"உதுக்குத்தானே தம்பி நாங்கள் பயந்தனாங்கள்."